கரைப்பு மாதம்

அந்தத் தண்ணீர் இலாகா அலுவலகத்தில் வருடத்துக்குப் பதினொரு மாதம் பணம் இருக்காது. பன்னிரண்டாம் மாதம், இருக்கிற பணத்தை என்ன செய்வதென்று தெரியாது. இதை அங்கே யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

ஆண்டு பிறந்ததும் மேலிடத்திலிருந்து ஒதுக்கீடு வந்துவிடும். வந்ததைத் தொட எல்லோருக்கும் பயம். பின்னால் ஏதாவது அவசரம் வந்தால் யார் பதில் சொல்வது என்று பொத்திப் பொத்தி வைப்பார்கள். குழாய் ஒழுகுகிறது என்று எவனாவது வந்தால், "பணம் எங்கப்பா இருக்கு?" என்று கையை விரிப்பார்கள். கடைசி மாதம் பிறந்ததும் வேறொரு பயம் வந்து பிடித்துக்கொள்ளும். செலவாகாத பணம் மேலே திரும்பிப் போய்விடும். திருப்பி அனுப்பிய ஆபீசுக்கு அடுத்த வருடம் குறைத்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே இருப்பதை எல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள் கரைத்தாக வேண்டும். அதற்குக் கரைப்பு என்றே பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்து இலாகாக்காரர்கள் எதிர்ப்பட்டால், "உங்க கரைப்பு முடிஞ்சுதா?" என்று சௌக்கியம் விசாரிப்பதுபோல விசாரித்துக்கொள்வார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்?

கரைப்பதற்குப் பெயிண்டைப்போல வசதியான சாமான் உலகத்தில் இல்லை. மோட்டார் வாங்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் ஆகும். குழாய் மாற்ற வேண்டுமென்றால் தெருவைத் தோண்ட வேண்டும். பெயிண்ட் அப்படியா? இன்று சொன்னால் நாளை அடித்துவிடலாம். மேல்நிலைத் தொட்டிக்கு நீலம், பம்ப் அறைக்கு நீலம், கம்பி வேலிக்கு நீலம், தெருமுனைகளில் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுச் சக்கரங்களுக்கும் நீலம். நகராமல் நின்ற எதையும் விட்டுவைக்கவில்லை. ஆபீஸ் வாசல் நாய் தப்பித்ததென்றால் அது அந்த மாதம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

அந்தப் பெயிண்ட் வேலையை வருடா வருடம் செய்து வந்தவன், அதே ஆபீசின் கணக்குப் பிரிவில் இருந்த கணக்கம்மாவின் தம்பி. ஊரில் அவனுக்குப் பெயர் பெயிண்டர். நாலைந்து ஆட்களை வைத்துக்கொண்டு, வெயிலும் காற்றுமான அந்த மாதத்தில் தொட்டிமேல் கயிற்றில் தொங்கிக்கொண்டு அடிப்பான். அந்த ஒரு மாத வரும்படியில்தான் அவன் வீட்டில் அரை வருடம் அடுப்பு எரிந்தது. வேலை சுத்தமாக இருக்கும். ஆனாலும், "அவனுக்கென்ன, அக்கா உள்ளே உட்கார்ந்திருக்கா" என்று டீக்கடையில் பேசுவார்கள். உண்மையில் அக்கா அதில் விரலைக்கூட நுழைத்ததில்லை. நுழைக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? வேலிக்கு ஓணான் சாட்சியா?

அந்த வருடம் பழைய கணக்கு அதிகாரி ஓய்வு பெற, கணக்கம்மாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இனி அவள் கையெழுத்து இல்லாமல் எந்தச் செலவும் நடக்காது. உட்கார்ந்த சில நாளில் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. எல்லோரும் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளினார்கள். கணக்கம்மா அதைப் படித்துவிட்டாள். வந்த வினை அதுதான்.

இனிமேல் மாதவாரியாகத் திட்டம் போட்டுச் செலவு செய்யலாம், ஒரு தலைப்பில் மிஞ்சியதை உரிய காரணம் காட்டி இன்னொரு தலைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. கணக்கம்மா இரண்டாம் தடவை படித்தாள். அப்புறம் எழுந்து பெரிய இன்ஜினீயர் அறைக்குப் போனாள்.

பெரிய இன்ஜினீயர் நல்ல மனுஷர். யார் எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார். ஆகாது. அதனால் ஆபீசில் அவருக்கு ஆகட்டும் ஐயா என்றே பெயர்.

"சார், இந்த வருஷம் பெயிண்ட் வேண்டாம். அந்தப் பணத்தை வால்வுக்கு மாத்திடலாம். தண்ணி திறந்து விடற நம்ம வால்வுக்காரர் புதுசு வேணும்னு எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கார்."

"ஆகட்டும், ஆகட்டும். அடுத்த வருஷம் பார்ப்போம்."

"இந்த வருஷமே மாத்தலாம் சார். உத்தரவு வந்திருக்கு. நீங்களும் பார்த்தேன்னு போட்டிருக்கீங்க."

"பார்த்தேன்னுதானே போட்டேன். படிச்சேன்னு போடலியே." அவர் சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும்மா. பெயிண்ட் யாருக்குப் போகுது? உங்க தம்பிக்குத்தானே. நாற்காலியில உங்களைப் போட்டா எந்த வம்பும் வராதுன்னு நெனச்சுத்தான் நானே சிபாரிசு பண்ணேன். நீங்களே தம்பி வயித்துல அடிப்பீங்களா?"

கணக்கம்மாவுக்கு முகம் சுட்டது. தான் திறமையால் வந்ததாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்? வாயை அடைக்கப் போட்ட பதவியா இது?

"என் தம்பிக்குப் போகுதுங்கறதாலதான் சார் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் கீழ்த்தளத்தில் தம்பியும் அவன் மனைவியும் அம்மாவும். மாடியில் கணக்கம்மாவும் பஸ் ஓட்டும் அவள் கணவரும். சமையல் கீழே, ஒரே அடுப்பில். அன்று சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சேதி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

"நிஜமா?" என்றான் தம்பி. கையில் பாதி கடித்த ரொட்டி.

"நிஜம்தான்."

"ஆளுங்களுக்கு வார்த்தை கொடுத்துட்டேன். பள்ளிக்கூடத்து வேலை ஒண்ணு வந்தது, இதை நம்பி அதை வேண்டாம்னுட்டேன். இப்ப வந்து நீ நிஜம்தான்கறே."

"போன வருஷம் அடிச்சது இன்னும் பளபளன்னு இருக்குடா. அதுமேல எதுக்கு இன்னொரு பூச்சு?"

"எதுக்குன்னா? எனக்குச் சோறு போட!"

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "ஊரெல்லாம் கரைக்குது. உன் தம்பி கைக்கு வரும்போதுதான் உனக்கு நியாயம் பொத்துக்கிட்டு வருதா? ஏன்டி, ஆபீஸ் பணம் உன் அப்பன் வீட்டுப் பணமா?"

"அப்பா வீட்டுப் பணமா இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்ம்மா. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நீதானே சொல்லுவே?"

"நான் ஆத்துல போடச் சொன்னேனா? தம்பிக்குப் போடத்தானே சொல்றேன்."

இதற்குப் பதில் சொல்ல எந்த உத்தரவிலும் இடமில்லை. பஸ்காரர் சமாதானம் பண்ணப் பார்த்தார். "மச்சான், ஒரு வருஷம்தானே..." என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க மாமா, உங்களுக்கு மாசச் சம்பளம்" என்று தம்பி சொன்னதும் கியரை மாற்றிக்கொண்டு பின்வாங்கிவிட்டார்.

மறுநாளிலிருந்து அடுப்பு இரண்டானது. கணக்கம்மா மாடியில் ஒரு சின்ன ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். முட்டை கருகியது, டீ பொங்கி வழிந்தது. கீழேயிருந்து வெங்காயம் வதங்கும் மணம் படியேறி வரும்போதெல்லாம் எழுந்து கதவைச் சாத்தினாள். தம்பி படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனான். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். கையெழுத்துதானே, போட்டுத் தொலைத்தால் என்ன என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தோன்றியது. போடவில்லை. போட்டால் அவன் சாகும்வரை 'அக்கா வாங்கிக் கொடுத்த வேலை' செய்கிறவனாகவே இருப்பான் என்பதும் தோன்றியதால்தான்.

பெரிய இன்ஜினீயரும் விடவில்லை. வருவோர் போவோரிடமெல்லாம், "கணக்கம்மா மனசு வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாதம் தேய்ந்துகொண்டு வந்தது. அப்போதுதான் கடைத்தெரு முனையில் பெரிய குழாய் வெடித்தது.

நல்ல காலை நேரம். கடைகள் அப்போதுதான் திறந்திருந்தன. தார்ச்சாலை மெல்ல உப்பியது. என்னடா என்று பார்ப்பதற்குள் பிளந்துகொண்டு தண்ணீர் பீறிட்டது. டீக்கடைத் தகரம் எகிறியது. துணிக்கடைக்காரர் துணிக்கட்டுகளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடினார். வால்வுக்காரர் சைக்கிளில் பறந்து வந்தார். முப்பது வருடம் சக்கரம் திருப்பித் திருப்பி உரம் ஏறிய கை அவருடையது. சாலையோரக் குழிக்குள் இறங்கி, இரும்புக் கம்பியைச் சக்கரத்தில் கொடுத்து நெம்பினார். சக்கரம் அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தொங்கினார்கள். கம்பிதான் வளைந்தது. அடுத்த தெரு வால்வுக்கு ஓடினார்கள். அதுவும் அசையவில்லை.

கரைப்புக்குக் கரைப்பு அடித்த பெயிண்ட். சக்கரம், தண்டு, தண்டின் மரை எல்லாவற்றையும் மூடி, பூச்சுமேல் பூச்சாக ஏறி, மொத்தமும் ஒரே கட்டியாக இறுகியிருந்தது. ஊரிலேயே அழகான வால்வுகள் அவை, என்ன, மூடாது. இப்படியே விட்டால் தொட்டி காலியாகும்வரை கடைத்தெரு மிதக்கும். அப்புறம் ஆஸ்பத்திரி உட்பட ஊருக்கே சொட்டுத் தண்ணீர் இருக்காது.

கணக்கம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பெரிய இன்ஜினீயர் முழங்கால் தண்ணீரில் நின்று, யார் என்ன சொன்னாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கம்மா குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சுரண்டினா வருமா?" என்றாள் வால்வுக்காரரிடம்.

"சூடு காட்டிச் சுரண்டணும்மா. நம்மகிட்ட எங்க இருக்கு அதெல்லாம்?"

யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவனோடு பேசி நாளாயிற்று என்பதும் தெரியும். போனை எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து நின்றபோதே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பி வந்துவிட்டான். தோளில் பெயிண்டைச் சுட்டு உரிக்க நெருப்புப் பீய்ச்சும் ஊதுவிளக்கு, பின்னால் அவன் ஆட்கள், ஆளுக்கொரு சுரண்டும் தகடோடு. பெயிண்டில் வால்வு இறுகிவிட்டது என்று தெருவே கத்தும்போது அவன் மட்டும் வராமல் இருப்பானா?

அக்காவை அவன் பார்க்கவில்லை. குழிக்குள் இறங்கி, நெருப்பைக் காட்டினான். பெயிண்ட் கொப்புளித்துச் சுருண்டது. மேல் நீலம் போனதும் கீழே இன்னொரு நீலம். அதற்கும் கீழே இன்னொன்று. நாற்றம் மூக்கைத் துளைத்தது. கண்ணில் நீர் வழிய வழியச் சுரண்டினான். வால்வுக்காரர் வெளிவந்த மரையில் எண்ணெய் விட்டுக்கொண்டே, "இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம்" என்று காட்டினார். கணக்கம்மா டீக்கடைத் தகரத்தைப் பிடித்து, விளக்கில் தண்ணீர் தெறிக்காமல் மறைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கட்டத்தில் தம்பி நிறுத்திவிட்டு, கையில் அப்பியிருந்த பெயிண்ட் தோலைப் பார்த்தான்.

"அத்தனையும் என் கை" என்றான். "ஊரே குடிக்கிற தண்ணியோட வால்வுக்கு நான்தான் பூட்டுப் போட்டிருக்கேன்." வெட்கத்தில் அவன் குரல் உடைந்தது.

"அடிக்கச் சொன்னது நாங்கப்பா" என்றார் மேலே நின்ற பெரிய இன்ஜினீயர். அன்றைக்கு அவர் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான்.

உச்சி வெயிலில் சக்கரம் ஒரு முனகு முனகியது. அப்புறம் திரும்பியது. வால்வுக்காரர் சுற்றச் சுற்றப் பீறிட்ட தண்ணீர் தாழ்ந்து, குமிழியிட்டு, அடங்கியது. கடைத்தெருவே கைதட்டியது. துணிக்கடைக்காரர் தலைமேல் கட்டோடு நின்றபடியே ஆனந்தத்தில் ஆடினார். தொட்டியில் பாதித் தண்ணீர் தப்பித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அது போதும்.

"கணக்கம்மா, கொண்டாங்க அந்தக் காகிதத்தை" என்றார் பெரிய இன்ஜினீயர். "இங்கேயே கையெழுத்துப் போடறேன். பெயிண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எந்தக் கடையிலயாவது இன்னிக்கே புது வால்வு வாங்கிடுங்க."

"மாத்தறதுக்குக் கையெழுத்துப் போடுங்க சார். ஆனா மூணு கடையில விலை கேட்காம வாங்க முடியாது."

"அம்மா தாயே, தண்ணி முழங்கால்ல நிக்குது."

"முழங்கால்லதானே நிக்குது. கழுத்துக்கு வந்தா அப்ப யோசிப்போம்."

குழிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. தம்பிதான். அடக்கப் பார்த்தும் அவனால் முடியவில்லை.

அன்று இரண்டு அடுப்பும் ஒன்றானது. அம்மா கணக்கம்மாவுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள், அவ்வளவுதான். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "ஆனா வேலை போனது போனதுதானே?" என்றாள். போனது போனதுதான். தம்பி அந்த மாதம் ஊரில் கிடைத்த சில்லறை வேலையெல்லாம் செய்தான். ஆட்களில் இரண்டு பேர் வேறு பக்கம் போய்விட்டார்கள்.

மூன்று கடையில் விலை கேட்டார்கள். பழைய கடைக்காரர் இத்தனை வருடம் சொல்லி வந்ததைவிட எவ்வளவோ குறைவாக வந்தது. கடைத்தெரு, ஆஸ்பத்திரித் தெரு வால்வுகளை எல்லாம் மாற்றிய பிறகும் கொஞ்சம் மிஞ்சியது. அதைக் கரைக்கவில்லை. ஆண்டின் கடைசி நாள் கணக்கம்மா அதைப் பெரிய இன்ஜினீயர் கையெழுத்தோடு மேலே திருப்பி அனுப்பினாள். அரைமணி நேரத்தில் மேலிடத்திலிருந்து போன்.

"பணம் வந்திருக்கே, தப்பா அனுப்பிட்டீங்களா?"

"இல்ல சார். மிச்சம்."

"மிச்சமா? வேலை நடக்கலியா?"

"நடந்துடுச்சு சார். நடந்தப்புறம் மிச்சம்."

"இருங்க, பெரியவரைக் கேட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தார்கள். பிற்பாடு மேலிடத்துப் பெரியவரே பேசினார். அடுத்த வருடத்துக்குக் குறைக்கப்போவதில்லை. மாதத் திட்டம் அனுப்பினால் கேட்டதைக் கொடுக்கிறோம் என்றார். பெரிய இன்ஜினீயர் பக்கத்து இலாகாக்காரர்களிடம், "நாங்க இப்பல்லாம் கரைக்கறதில்ல" என்று தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

புது வருடத் திட்டத்தில் கணக்கம்மா வைத்த முதல் வேலை, ஊரிலுள்ள அத்தனை வால்வுகளையும் மாதா மாதம் சுரண்டி, எண்ணெய் விட்டு, திருப்பிப் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிப்பது. வருடம் முழுக்க வேலை. மாதா மாதம் கூலி. யார் வேண்டுமானாலும் மூடிய உறையில் விலை எழுதிக் கொடுக்கலாம், எல்லோர் முன்னாலும் பிரிப்போம் என்று வாசலில் எழுதி ஒட்டினார்கள்.

அன்று சாயங்காலம் தம்பி மாடிப்படியில் வந்து உட்கார்ந்தான்.

"நானும் போடலாம்ல?"

"தாராளமா."

"எவ்வளவு போடட்டும்?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"ஒரு குத்துமதிப்பா..."

"குத்துமதிப்பாவும் சொல்ல மாட்டேன்டா."

கீழேயிருந்து அம்மா குரல் வந்தது. "கூடப்பிறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?"

கணக்கம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அம்மா, நான் சொல்லி இவன் ஜெயிச்சா அது இவன் ஜெயிச்சதாகுமா? நாளைக்கு நான் ரிட்டயர் ஆனா இவன் என்ன பண்ணுவான்?"

தம்பி எழுந்து கீழே போய்விட்டான். தம்பி மனைவி விளக்கடியில் அவனை உட்கார வைத்துக்கொண்டாள். "மழை நாள்ல வேலை இருக்காது, ஆனா ஆளுக்குச் சாப்பாடு போடணும், அதைச் சேருங்க. சுரண்டற தகடு தேஞ்சு போகும், அதை விட்டுட்டீங்க. போன தடவை மாதிரி வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க" என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "உங்க அக்கா வாயைத் திறக்க மாட்டாங்க. நமக்கு மூளை இல்லையா என்ன?" என்று அவள் சொன்னது மாடிவரை கேட்டது. கணக்கம்மா அதைக் கேட்டுப் பூரித்துப்போனாள்.

மறுநாளே கணக்கம்மா எழுதிக் கொடுத்துவிட்டாள்: தன் தம்பி விலை கொடுக்கப் போகிறான், இந்த வேலையில் தன் கை எதிலும் படக்கூடாது. உறையைப் பிரிக்க ஒருவர், வாசிக்க ஒருவர், எழுத ஒருவர் என்று பெரிய இன்ஜினீயர் ஆளைப் போட்டார். சாட்சிக்கு வால்வுக்காரரையும் வைத்தார்.

பிரிக்கிற அன்று ஹாலில் கூட்டம். பெயிண்டர்கள், குழாய்க்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்த டீக்கடைக்காரர். எல்லோருக்கும் முன்வரிசையில் மீசை. மீசைதான் இத்தனை வருடமும் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா சௌக்கியமா?" என்று குத்தலாகக் கேட்டு வந்த போட்டிப் பெயிண்டர். கணக்கம்மா வெளியே வந்து, கட்டடத்துக்கு எதிரே வெயிலில் நின்றுகொண்டாள். கதவுப் பக்கத்தில்கூட நிற்கவில்லை. தோற்றால் அவன் இந்த ஊரில் என்ன வேலை செய்வான்? மிச்சமிருக்கும் ஆட்களும் போய்விடுவார்கள். எவ்வளவு போடலாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாமோ? சீ, அதெல்லாம் ஒரு நினைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முதலில் மீசை வெளியே வந்தான். அவளை ஒரு பார்வை பார்த்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கும்பிட்டுவிட்டுப் போனான். பின்னால் தம்பி வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"எனக்குத்தான்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "எல்லாரையும்விட என்னுதுதான் கம்மி. மீசை எழுந்து, இவன் அக்கா எங்கேன்னு கேட்டான். அதோ வெயில்ல நிக்கறாங்க பாருன்னு வால்வுக்காரர் ஜன்னலைத் திறந்து காட்டினார். அப்புறம் ஒருத்தன் வாயைத் திறக்கணுமே."

கணக்கம்மாவுக்குக் கண்ணீர் வழிந்தது; துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அக்கா வாங்கிக் கொடுத்ததுன்னு சொல்லிச் சொல்லியே என்னைச் சாகடிச்சானுங்க" என்றான் தம்பி. "இது நான் வாங்கினது. நானும் என் பொண்டாட்டியும்."

"நீ வாங்கினதுதான்டா" என்றாள் அவள். "யார் இல்லேன்னா?"

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "நாளைக்கே ஆரம்பிக்கறேன். போன ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கணும். மாசம் பொறந்ததும் பில்லு வரும், சட்டுனு பார்த்து அனுப்பிடு."

"உன் பில்லை நான் பார்க்க மாட்டேன். வேற ஆளைப் போட்டாச்சு."

தம்பி ஆபீஸ் ஜன்னல்களில் தலைகள் முளைக்கும்படி சிரித்தான்.

"அதான் அக்கா நல்லது" என்றான். "நீ பார்த்தா, கூடப்பிறந்தவன்னு ரெண்டு ரூபா குறைச்சுட மாட்டே?"